ஓடையிலிருந்து அறுபது காலடி

பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்துவிட்டது. ஈரம் பட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அடியில் கிடந்த பழைய டென்ட் கைக்கு வந்தது. பையைத் திறந்து உதறியதுதான் தாமதம், அந்த வாசனை வந்துவிட்டது. விறகுப் புகை, மடித்தே கிடந்த துணியின் பூஞ்சை, அதற்கெல்லாம் அடியில் ஸ்ப்ரூஸ் மரத்துப் பிசின். மூலைத் தையலில் காய்ந்த ஊசியிலைகள் நாலைந்து இன்னும் சிக்கியிருந்தன. ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினேன். உருண்டது. பைன் மரத்து ஊசி கொத்துக் கொத்தாக இருக்கும், ஃபர் மரத்து ஊசி தட்டையாக இருக்கும், நான்கு பட்டையோடு விரலில் உருள்வது ஸ்ப்ரூஸ். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நான் படித்த காலத்தில் எங்கள் லேபில் டெக்னீஷியனாக இருந்த ஒரு பெரியவர்.

நியூயார்க் மாநிலம் என்றால் நம் ஆட்களுக்கு வானுயர்ந்த கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். நான் வந்து இறங்கிய இத்தாக்கா அந்த நகரத்திலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். விரல்களைப் போல நீண்டு கிடப்பதால் ஃபிங்கர் லேக்ஸ் என்று பெயர் பெற்ற ஏரிகளில் ஒன்றின் தென்கோடி. ஒரே அபார்ட்மென்டில் நாங்கள் நாலு தமிழ்ப் பையன்கள். ஸ்டைபென்டில் வாடகை போக மிச்சம் இருந்தால் ஊருக்கு அனுப்புவோம். முதல் கோடை வந்ததும் ஊரே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. எங்களுக்கும் ஆசை. பக்கத்து ஸ்டேட் பார்க்கில் விசாரித்தால் ஒரு ராத்திரிக்குக் கட்டணம், அதுவும் அந்த வாரம் முழுக்க நிரம்பிவிட்டதாம். வேடிக்கை பார்க்கவாவது போனோம். எண் போட்ட கம்பம், மேசை, கார் நிறுத்த ஒரு கட்டம், பக்கத்துக் கூடாரத்து ரேடியோ. திரும்பி வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை டெக்னீஷியனிடம் இதைச் சொன்னேன். பிப்பெட் பெட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"அதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஸ்டேட் ஃபாரஸ்டில் போய்ப் படுங்கள்."

"யாரிடம் அனுமதி வாங்குவது?"

"யாரிடமும் வேண்டாம்."

"பதிவு?"

"அதுவும் வேண்டாம்."

"எந்த இடத்தில்?"

"உங்களுக்குப் பிடித்த இடத்தில்."

நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிராஃப் தாளைக் கிழித்து எழுதித் தந்தார். சாலை, பாதை, ஓடை, குளம், ஊற்று எதிலிருந்தும் 150 அடி தள்ளி. ஒரே இடத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் போனாலோ, பத்துப் பேர் சேர்ந்தாலோ ரேஞ்சரிடம் பெர்மிட், அதற்கும் காசில்லை. விறகுக்குத் தரையில் விழுந்து கிடக்கிற செத்த மரம் மட்டும். நிற்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது. "150 அடியை டேப் வைத்தா அளப்பீர்கள்? அறுபது காலடி நடங்கள், சரியாக இருக்கும்" என்றார்.

எனக்கு ஏன் நம்பிக்கை வரவில்லை என்பதற்குக் காரணம் என் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம். வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். ஆனால் அது எங்களுடைய மலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது ஃபாரஸ்ட்காரர் மலை. சுள்ளி பொறுக்கப் போகும் பெண்கள் விடிவதற்கு முன் போய், வெயில் ஏறுவதற்குள் ஓடைத் தடம் வழியாக இறங்கிவிடுவார்கள். என் ஆச்சியும் போவாள். காக்கிச் சட்டை கண்ணில் பட்டால் கட்டைத் தூக்கிப் புதரில் எறிந்துவிட்டு, ஆடு தேடி வந்தவள் போல நிற்பாள். பிடிபட்டால் அரிவாள் போகும். அரிவாளைத் திரும்ப வாங்க ரெண்டு நாள் நடக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டம் போட்ட கோடு அது. காட்டுக்குள் காலடி வைப்பதே குற்றமாகலாம் என்பதைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே ஆச்சியின் ஓட்டத்திலிருந்து நான் தெரிந்துகொண்டுவிட்டேன்.

ஆகவே டான்பி ஸ்டேட் ஃபாரஸ்ட் என்று பழுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மற்ற மூவரும் உற்சாகமாக இருந்தார்கள். அவர்களில் மதுரைக்காரன் ஓடையில் கால் வைத்து நின்று ஒன்று, ரெண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே சரிவேறினான். அறுபதில் நின்றான். அங்கே சரிவு. மேலும் ஒரு இருபது காலடி போய் மேப்பிள் மரங்களுக்கு நடுவே சமதரை கிடைத்தது. தரையைக் கையால் தடவிக் கல்லையும் குச்சியையும் ஒதுக்கி, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று குனிந்து பார்த்துக் கூடாரம் போட்டோம். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, மேசை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை. ஓடைத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் குடிக்கலாம். காலைக்கடனுக்கு ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். அதற்கும் தண்ணீரிலிருந்து அதே 150 அடி. கொண்டுபோனதையெல்லாம் திரும்பத் தூக்கி வர வேண்டும், வெங்காயத் தோல் உட்பட. இவ்வளவையும் நாங்களே செய்துகொள்வதால்தான் அங்கே காசு கேட்க ஆளில்லை என்பது போகப் போகப் புரிந்தது.

சாயங்காலம் ரேஞ்சர் வந்தார். காட்டுச் சாலையில் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, புகை வந்த திசையில் ஏறி வந்திருக்கிறார். பச்சைச் சீருடை, அகன்ற தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. சருகு மிதிபடும் சத்தம் கேட்டதுமே என் கைகால் உதறத் தொடங்கிவிட்டது. பாஸ்போர்ட் எங்கே, மாணவர் விசாவுக்கான ஐ-20 தாள் எங்கே என்று மனம் ஓடுகிறது. அவர் முதலில் எங்களைப் பார்க்கவில்லை, நெருப்பைப் பார்த்தார். சுற்றியிருந்த சருகை மண் தெரியும்வரை ஒதுக்கியிருக்கிறோமா, பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறோமா என்று பார்த்தார். அப்புறம் கூடாரத்தையும் கீழே ஓடையையும் கண்ணால் அளந்தார். "நல்ல இடம் பிடித்திருக்கிறீர்கள். தூங்குவதற்கு முன் நெருப்பின்மேல் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் மறுபடி ஊற்றுங்கள்" என்றார். எங்கே படிக்கிறோம் என்று கேட்டார். மறுநாள் மழை வரலாம் என்றார். இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அவர் போன பிறகு நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்நிய நாட்டில், விசாத் தாளில் பேர் ஒட்டிக்கொண்டு வாழ்கிறவனுக்கு, காட்டில் சீருடை போட்ட ஒருவர் வந்து நல்ல இடம் பிடித்திருக்கிறீர்கள் என்று சொல்லிப் போவது என்னவென்பதை இப்போதும் என்னால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாட்டில் எனக்கும் ஒரு படுக்கை இடம் உண்டு என்று அந்த ராத்திரிதான் தோன்றியது. எட்டு முறை விட்டுவிட்டுக் கூவும் பார்டு ஆந்தை ஒன்று தலைக்கு மேலேயே உட்கார்ந்து கத்தியது. மதுரைக்காரன் ஸ்லீப்பிங் பேக்குக்குள் தலையை இழுத்துக்கொண்டு, "மச்சான், இது பறவைதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

காலையில் தண்ணீர் எடுக்கப் போனபோது ஒரு கல்சுவரைப் பார்த்தேன். இடுப்புயரம். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை, தட்டைக் கற்களைப் பொறுக்கி அடுக்கியது. காட்டுக்கு நடுவே நேராக ஓடி, சரிவில் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போகிறது. அதைத் தொடர்ந்து போனால் ஒரு பெரிய குழி. பக்கங்களில் கல் கட்டு. குழிக்குள்ளிருந்து தொடைக் கனத்தில் ஒரு மரம் வளர்ந்து நிற்கிறது. பக்கத்தில் லைலாக் செடி. லைலாக் இங்கே தானாக முளைப்பதில்லை, யாரோ ஒரு பெண் வாசலுக்கென்று வைத்தது. கொஞ்சம் தள்ளி ஆப்பிள் மரங்கள், காட்டு நிழலில் ஒடுங்கி, காய்க்கவும் முடியாமல் சாகவும் முடியாமல்.

திரும்பி வந்து டெக்னீஷியனைக் கேட்டபோதுதான் கதை வந்தது. அந்தக் காடு முழுக்க ஒரு காலத்தில் பண்ணை நிலம். அவருடைய அம்மா வழித் தாத்தாவும் அதே மலைமேட்டில்தான் மாடு வளர்த்தார். மேட்டு நிலத்தில் மண் மெலிது, புளிப்பு அதிகம், கீழே இறுகிய படலம், தண்ணீர் இறங்காது. ஒரு தலைமுறை காட்டை வெட்டித் திருத்தியது, அடுத்தடுத்த தலைமுறைகள் மண்ணோடு போராடித் தோற்றன. மேற்கே நல்ல நிலங்கள் திறந்துகொண்டதும் இந்த மேடுகளில் பாதி வீடுகள் காலியாகின. பெருமந்தம் மிச்சத்தையும் காலி செய்தது. 1929-இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது: கைவிடப்பட்ட நிலம் சேர்ந்தாற்போல் 500 ஏக்கருக்குக் குறையாமல் கிடைத்தால் அரசு வாங்கிக் காடாக்கும். 1931-இல் ஹெவிட் திருத்தம் என்று மாநில அரசியலமைப்பிலேயே அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். வேலையில்லாதவர்களை மரம் நட அனுப்பினார். பிறகு ஜனாதிபதியானதும் அதையே நாடு முழுக்கச் செய்தார். 1933 முதல் 1942 வரை நடந்த சிசிசி என்கிற அந்தத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும்.

என் டென்ட் மூலையில் சிக்கியிருக்கும் ஊசியிலை அப்படிப் பசியோடு வந்த ஒரு பையன் நட்ட மரத்துடையதாக இருக்கலாம். ஸ்ப்ரூஸும் ரெட் பைனும் இன்றும் வரிசை பிசகாமல் நிற்கும் தோப்புகளில் படுத்திருக்கிறேன். பகலில் பார்த்தால் நட்ட கை தெரியும், அவ்வளவு நேர்கோடு. அடிரான்டாக், கேட்ஸ்கில் மலைகளிலுள்ள அரசுக் காடுகளை வெட்டவே கூடாது என்று 1894-இலேயே மாநில அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். இந்த ஸ்டேட் ஃபாரஸ்டுகளின் கதை வேறு. இங்கே மரம் வெட்டி விற்பார்கள், வேட்டைக்கு வருவார்கள், குதிரை ஓட்டுவார்கள். எனக்குப் பழக்கமான ஒரு பைன் தோப்பு ஒரு வருடம் மொட்டையாகிக் கிடந்தது. பார்த்ததும் நெஞ்சு கனத்தது உண்மை. ஆனால் அதன் அடியிலிருந்து மேப்பிளும் பிளாக் செர்ரியும் கிளம்பி வந்ததைச் சில வருடங்களில் பார்த்தேன். மாநிலம் முழுக்க இப்படி ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கர். தோற்றுப்போன பண்ணைகளைக் கூட்டி இவ்வளவு பெரிய பொதுச் சொத்தாக்கி, வந்து படுத்துக்கொள் என்று திறந்து வைத்தார்கள் பாருங்கள், இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கல்யாணமாகி, மகள் பிறந்து, வேலையும் அதே பக்கத்தில் அமைந்த பிறகு எங்கள் இடம் டான்பியிலிருந்து ஷிண்டாகின் ஹாலோவுக்கு மாறியது. அங்கே ஃபிங்கர் லேக்ஸ் டிரெயில் போகிறது. 1962-இல் தொடங்கித் தன்னார்வலர்களே வெட்டிப் பராமரிக்கும் பாதை. மரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும். கேட்ஸ்கில் மலையிலிருந்து பென்சில்வேனியா எல்லை வரை 900 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பாதையோரத்தில் லீன்-டூ என்கிற தங்கல் உண்டு. மூன்று பக்கம் மரச்சுவர், சரிந்த கூரை, தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், முன்பக்கம் திறந்தே இருக்கும். யார் முதலில் வந்தாலும் தங்கலாம்; ஆனால் இடம் இருக்கும்வரை பின்னால் வருகிறவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிப் போனோம். அம்மாவுக்கு இஷ்டமில்லை. "பச்சைப் புள்ளையக் கூட்டிக்கிட்டுக் காட்டுல போயி படுக்கணுமாக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுந்து தாளித்து, கறிவேப்பிலை மொறுமொறுவென்று பொரித்துப் போட்டுப் பையில் கட்டி எடுத்து வந்தவளும் அவள்தான். சின்ன ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்தால் உப்புமா தயார். பெருங்காய டப்பாவைக் கரடி மோப்பம் பிடிக்குமா என்று கேட்டாள். பிடிக்கும், உப்புமா, பற்பசை, குழந்தையின் பிஸ்கட் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று சொல்லி, பையைக் கயிற்றில் கட்டி ஆளுயரத்துக்கு ரெண்டு மடங்கு மேலே, அடிமரத்திலிருந்து தள்ளிக் கிளையில் தொங்கவிட்டேன். அன்று முதல் தினமும் இருட்டுவதற்கு முன் பையை ஏற்றியாகிவிட்டதா என்று கேட்பது அம்மாவின் வேலையாகிவிட்டது.

அப்பா லீன்-டூவின் பலகையில் உட்கார்ந்து, கையால் தட்டிப் பார்த்து, "ஏய்யா, இது நம்மூரு சாவடில்லா" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் மந்தைச் சாவடியில் எந்தப் பாதசாரியும் துண்டை விரித்துப் படுக்கலாம், நீ யார் என்று கேட்பது மரியாதையில்லை. அப்பா சின்ன வயதில் பழனிக்கு நடந்து போகும்போது அப்படி எத்தனையோ ஊரில் படுத்திருக்கிறார். அந்தச் சாவடி இப்போது பூட்டிக் கிடக்கிறது என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி மழை. பத்து மணி வாக்கில் ரெண்டு டார்ச் வெளிச்சம் மரங்களுக்கிடையே ஆடிக்கொண்டு வந்தது. அறுபது வயதுக்கு மேலிருக்கும், கணவனும் மனைவியும். பாதை முழுவதையும் துண்டு துண்டாக நடந்து முடிக்க வந்தவர்கள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். நாங்கள் சுருண்டு நகர்ந்து இடம் விட்டோம். அம்மா என்னைக் கேட்கவே இல்லை. ஸ்டவ்வை மூட்டி, ரசப்பொடியும் புளிக்கரைசலும் போட்டு நுரை கட்டியதும் இறக்கி, அவர்களுடைய தகர மக்கிலேயே ஊற்றிக் கொடுத்தாள். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு மக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மிளகு உறைத்திருக்கும், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். மொழி தெரியாத ரெண்டு கிழவிகளும் அதற்குப் பிறகு பேத்தியைப் பற்றி சைகையிலேயே வெகுநேரம் பேசினார்கள். நாங்கள் ஏழு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுத்தோம்.

லீன்-டூவின் சுவரில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். வந்தவர்கள் எழுதிவிட்டுப் போக. பாதையில் எங்கே மரம் விழுந்திருக்கிறது, எந்த ஊற்று வற்றிவிட்டது, எலி தொல்லை, ஒரு பெண்ணின் சின்ன ஓவியம். காலையில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் தமிழில் எழுதினார். இந்த மரங்களை நட்டவர்களுக்கும் இந்தச் சாவடியைக் கட்டியவர்களுக்கும் வணக்கம் என்று, கீழே ஊர்ப் பெயருடன் கையெழுத்து. அடுத்த முறை நாங்கள் போனபோது அதன்கீழே யாரோ இது என்ன மொழி, அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு கை, தமிழ் என்று பதில் எழுதியிருந்தது. அது எங்களுடைய கை இல்லை.

மகளுக்கு அந்தக் காடுதான் வீட்டுக்கொல்லை போல ஆனது. ஜூலை மாதத்தில் புல்வெளி ஓரங்களில் மின்மினி கிளம்பும். மண்ணிலிருந்து முழங்கால் உயரத்தில் தொடங்கி, இருட்ட இருட்ட மேலே ஏறும். பீவர் வாலால் தண்ணீரை அறைகிற சத்தம் கேட்டால் கூடாரத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். ஹெம்லாக் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பென்சில் கனக் குச்சிகளை எடுத்து ஒடித்துப் பார்ப்பாள். டக்கென்று முறிந்தால் எரியும். வளைந்தால் ஈரம், தூக்கிப் போடு. மழை பெய்தாலும் பெரிய மரத்துக்கு அடியில் காய்ந்த குச்சி கிடைக்கும் என்று அவள்தான் என் சிநேகிதர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

அந்தக் காலத்தில் வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது சாதாரணம். இப்போது நினைத்த தூரத்துக்கெல்லாம் அப்படிக் கொண்டுபோகக் கூடாது. பச்சைப் பளபளப்போடு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஒரு வண்டு அதற்குக் காரணம். எமரால்டு ஆஷ் போரர் என்று பெயர், ஆசியாவிலிருந்து வந்தது. மிச்சிகனில் 2002-இல் கண்டுபிடித்தார்கள், நியூயார்க் மாநிலத்தில் 2009-இல். அது தானாகப் பறப்பதைவிட விறகுக் கட்டைக்குள் ஒளிந்து காரில் போகும் தூரம் அதிகம். அதனால் பக்குவப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகத் தடை. செத்த ஆஷ் மரத்தின் பட்டையைப் பெயர்த்துப் பார்த்திருக்கிறேன். அடியில் பாம்பு ஊர்ந்த தடம் போலப் புழு தின்ற வழிகள் நெளிந்து நெளிந்து கிடக்கும், மரத்துக்குச் சாறு போகும் பாதையையே அறுத்தபடி. பட்டைக்கு வெளியே வண்டு வந்த துளை, ஆங்கில டி எழுத்து போல ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் வளைந்து, மிகச் சின்னதாக. இத்தனை சின்னத் துளை இத்தனை பெரிய மரத்தை என்று கை நடுங்கும். எங்கள் பக்கத்துக் காடுகளில் ஆஷ் ஏறக்குறையப் போய்விட்டது. நின்றபடி செத்துக் காய்ந்தவை காற்றில்லாமலே முறிந்து விழும். முன்பெல்லாம் கூடாரம் போட இடம் தேடினால் தரையைப் பார்ப்போம். இப்போது முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

உண்ணியும் அப்படித்தான். நாங்கள் வந்த புதிதில் புல்லில் அரைக்கால் சட்டையோடு உருண்டோம். இப்போது கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் சொருகி, ராத்திரி ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்த பிறகுதான் படுக்கை. லைம் நோய் வந்து மாதக்கணக்கில் மூட்டுவலியோடு அவதிப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

2020-இல் எல்லாம் அடைத்துக் கிடந்தபோது ஊர் மொத்தமும் காட்டுக்கு வந்தது. வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், காடு அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஓடைக்கரையில் தண்ணீரை ஒட்டியே நாலு நெருப்பு வளையம், கருகிய பீர் கேன், பாதி எரிந்த பிளாஸ்டிக் நாற்காலி. போனில் ஒரு புள்ளியைத் தொட்டால் இடம் வந்துவிடுகிறது. அந்த இடத்தின் வழக்கம் அதோடு வருவதில்லை. மிதித்து மிதித்து மண் இறுகிப்போன சில இடங்களில் இன்ன இடத்தில்தான் தங்கலாம் என்று மஞ்சள் வில்லை அடிக்க வேண்டியதாகிறது. இந்த வில்லைகள் பெருகினால் நாளைக்கு எண் போட்ட கம்பம் வரும், அதன் பின்னால் கட்டணம் வரும் என்று எனக்குப் பயம். எங்கள் வண்டியில் எப்போதும் ஒரு சாக்கு இருக்கும். திரும்பும்போது நிறைத்துக்கொண்டுதான் வருவோம்.

ஊருக்குப் போனால் சித்தப்பா பையன்கள் கேட்பார்கள், இந்த மாதிரி இங்கே ஏன் இல்லை என்று. நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. எங்கள் மலை இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 2021-இல் அறிவித்தார்கள். யானை நடக்கிற தடத்தில் கூடாரம் போட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறக்கவில்லை. 2024-இல் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, மலைக்கிராமத்து இளைஞர்களை வழிகாட்டிகளாகப் போட்டு, பணம் கட்டிப் போகலாம் என்று வைத்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் என் ஆச்சி புதருக்குப் பின்னால் நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை. தன் மலையில் அவள் ஒரு ராத்திரிகூட அச்சமில்லாமல் படுத்ததில்லை. அவள் பேரன் ஏழு கடல் தாண்டி வந்து இன்னொருவர் மலையில் படுத்திருக்கிறான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போது ஒவ்வொரு கோடையிலும் புதிதாக வந்த மாணவர்களில் சிலரை நான் கூட்டிப் போகிறேன். போன மாதமும் போனோம். திண்டுக்கல், நாகர்கோவில், கோயம்புத்தூர் என்று ஆறு பேர், அதில் ரெண்டு பேர் பெண்கள். வழியில் ஒருத்தி கேட்டாள்.

"அங்கிள், நிஜமாவே பெர்மிஷன் வேண்டாமா?"

"வேண்டாம்மா."

"ஆன்லைன்ல ரெஜிஸ்டர்கூட பண்ண வேண்டாமா?"

"வேண்டாம்."

அவள் நம்பவில்லை. போனை எடுத்து நானே பாத்துக்கறேன் என்று தேடத் தொடங்கினாள். காட்டுக்குள் சிக்னல் போய்விட்டது. ஓடையில் கால் வைத்து நின்று எண்ணச் சொன்னேன். ஆறு பேரும் ஒவ்வொருவிதமாக எட்டி வைத்ததால் ஆறு இடத்தில் போய் அறுபது முடிந்தது. யாருடைய அறுபது சரி என்று சண்டை. எட்டத்தில் போய் நின்ற நாகர்கோவில் பெண்ணுடையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், தள்ளிப் போவதில் தப்பில்லை. அவள் பையை இறக்கப் போனாள். "மேலே பாரும்மா" என்றேன். பட்டை உரிந்து வெளுத்துப்போன ஆஷ் ஒன்று, உச்சிக்கிளை பாதி முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இன்னும் மேலே ஏறத் தொடங்கினாள், மற்ற ஐந்து பேரும் அவள் பின்னால்.